தட்டுக்கு அடியில் எழுதியது

வெளியே வாருங்கள் தம்பி. முதலில் போட்டுக்குள்ளிருந்து வெளியே வந்து கொஞ்சம் காற்று வாங்குங்கள். தலை, தலை, குனிந்து வாருங்கள். அந்த இடத்தில் எல்லாருக்கும் இடிக்கும். எங்கள் வீட்டுக்காரருக்கும் இடிக்கும். ஆறு நாளில் நெற்றியில் மூன்று இடத்தில் வீங்கியிருந்தது அவருக்கு.

இந்தாருங்கள், டீ. ஆறிப்போயிருக்கும். எப்போதோ கொண்டுவந்தேன். "அம்மா, இங்க என்னமோ எழுதியிருக்கு, கொஞ்சம் வந்து பாருங்க" என்று நீங்கள் உள்ளேயிருந்து கத்தினீர்களே, அப்போதே மணலில் வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன். ஈ விழுந்திருக்கிறதா பாருங்கள். இல்லையே? குடியுங்கள்.

யார் எழுதியது என்று கேட்டீர்கள். அவர்தான் எழுதியிருக்கிறார். அவர் எழுத்து எனக்குத் தெரியும். ரேஷன் கடையில் கையெழுத்துப் போட்டால்கூட ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நிற்கும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் அதைப் படித்துவிட்டேன். நீங்கள் வாசிக்கிறேன் என்றீர்கள், வேண்டாம் என்றேன் அல்லவா? அதற்குள் படித்துவிட்டேன்.

மாப்பிள்ளை, நீங்கள் போட்டில் ஒட்டுவதற்கு ஃபைபர் மேட் வாங்கக் காரைக்காலுக்குப் போயிருக்கிறார். பதினொரு மணிக்கெல்லாம் வந்துவிடுவார். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த எழுத்தைப் பற்றி அவரிடம் மூச்சு விடக் கூடாது. சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நான் பாட்டுக்கு வீட்டுக்குப் போய் உலை வைப்பேன். ஆனால் உங்கள் முகத்தைப் பார்த்தால் ஏன், எதற்கு என்று கேட்காமல் விடுகிற முகமாகத் தெரியவில்லை. வேலை செய்கிறவர், அடியில் படுத்துப் பார்த்தவர். உங்களிடம் ஒளிக்க முடியுமா?

போன மாசிமகத்திலிருந்து சொன்னால்தான் புரியும்.

எங்கள் குப்பத்தில் மாசிமகத்துக்கு அம்மனைப் போட்டில் ஏற்றிக் கடலுக்குக் கூட்டிப்போவார்கள். எந்தப் போட்டு என்று சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். போன வருஷம் எங்களுக்கு வந்தது. அதற்கு முந்தின வருஷம் பட்டம்மா வீட்டுப் போட்டு. அவர்கள் போட்டின் முன்தட்டில், அந்த மேல்தளத்தில், பந்தக்காலைக் கயிற்றால் கட்டி வைத்து, அலையில் பந்தல் சாய்ந்து, அம்மன் கிரீடத்திலேயே போய் மோதிவிட்டது. ஊரே பார்த்துச் சிரித்தது. நமக்கு அப்படி ஆகலாமா? "கயிறு வேணாங்க, போல்ட்டு போட்டு முறுக்கிருங்க, அசையாம நிக்கும்" என்றேன்.

"தட்டுல ஓட்ட போடக் கூடாதுடி" என்றார்.

"நாலே நாலு ஓட்ட. அம்மனுக்குச் செய்யறதுல இப்படி மூஞ்சியத் தூக்குறீங்களே" என்றேன்.

போட்டார். பந்தல் எப்படி நின்றது தெரியுமா? கோயில் கோபுரம் மாதிரி நின்றது. பட்டம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. திருவிழா முடிந்ததும் போல்ட்டைக் கழற்றிவிட்டு ஓட்டையில் பசை வைத்து அடைத்தார். நான் தப்பாகவா சொன்னேன்? சாமி காரியம்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒருநாள் வலை ஏற்றும்போது முன்தட்டில் கால் வைத்தால் பொதுக் பொதுக்கென்று அமுங்குகிறது என்று சொன்னார். உள்ளே போய்ப் பார்த்தால் அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். "அந்த ஓட்ட வழியா தண்ணி எறங்கி, ஃபைபருக்கு நடுவுல இருக்கிற பலகை ஊறிப்போச்சு செம்பகம். மேல பிரிச்சுப் போட்டுட்டா நாலு நாள் வேலை. வெளிச்சம் இருக்கும், ரெசின் பசையும் தானா எறங்கிப் புடிச்சுக்கும்" என்றார்.

அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் சுபாவுக்கு நிச்சயம் பேசி, வைகாசி பதினொன்று என்று நாள் குறித்திருந்தார்கள். எங்கள் வீடு அதோ, அந்தப் பச்சைக் கதவு. வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தப் போட்டைத் தாண்டித்தான் வர வேண்டும். சம்பந்தி வீட்டார் வேனில் வந்து இறங்கும்போது போட்டு நடுவில் வெட்டி, குடல் தெரிகிற மாதிரி கிடந்தால் என்ன நினைப்பார்கள்? போட்டே கிழிந்து கிடக்கிறது, பெண்ணுக்கு என்ன செய்யப் போகிறார்கள் என்று பேச மாட்டார்களா? அதுவும் இல்லாமல் நான் சம்பந்தி அம்மாவிடம் போட்டு வாங்கி மூன்று வருஷம் என்று சொல்லி வைத்திருந்தேன். உண்மையில் ஏழு வருஷம். பெண்ணைக் கொடுக்கிற இடத்தில் இந்த அளவுக்கு எல்லாரும் சொல்வதுதானே.

அதனால், "மேல கை வைக்காதீங்க. உள்ள படுத்துக்கிட்டு அடியிலருந்தே பாருங்களேன், ஒரு காக்கைக்குக்கூடத் தெரியாது" என்றேன்.

அவர் அந்தத் தட்டைக் காலால் அமுக்கிக் காட்டினார். "அடியில அடச்சுட்டா, மேல எறங்குற தண்ணி எங்கடி போகும்? இப்ப சொட்டுதுல்ல, அது நல்லது. சொட்டுனாத்தான் காயும்."

"மேலதான் பெயின்ட் அடிக்கப் போறீங்களே, அப்புறம் எங்கருந்து எறங்கும்?" என்றேன்.

இதை உங்களிடம் சொல்லும்போது நீங்கள் உதட்டைப் பிதுக்குகிறீர்கள். நான் ரெசினைப் பற்றி என்ன படித்தவளா? அவர் முடியாது என்று அடித்துச் சொல்லியிருக்கலாமே. அவர் ஆம்பளை, அவர் போட்டு. சொல்லவில்லை. மறுநாள் காலையில் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டார்.

ஆறு நாள் தம்பி. நீங்கள் இன்றைக்குக் காலையிலிருந்துதானே உள்ளே இருக்கிறீர்கள், இதற்கே உங்கள் கண் சிவந்திருக்கிறது. அவர் ஆறு நாள் மல்லாந்து கிடந்தார். உட்கார முடியாது, புரண்டு படுக்க முடியாது. அடிப்பக்கத்து ஃபைபரை வெட்டியதும் ஊறின பலகை டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி அவர் முகத்தில்தான் கொட்டியது. தூள் படிந்து உடம்பெல்லாம் அரிப்பு. சாயங்காலம் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டால் என் உள்ளங்கையும் சேர்ந்து அரிக்கும். நான்தான் விளக்குப் பிடித்தேன். நான்தான் பிளாஸ்டிக் ஜக்கில் ரெசின் கலக்கிக் கொடுத்தேன். அதை இறுகவைக்கிற கேட்டலிஸ்ட்டு மருந்தை அளவாக ஊற்று என்பார். வெயிலில் நான் கொஞ்சம் கூட விட்டுவிட்டால் ஜக்கு கையிலேயே கொதித்துப் புகையும். "ஏன்டி, கொழம்பா வைக்கிற?" என்பார்.

தலைக்கு மேலே புதுப் பலகையை வைத்து ஒட்டினால் மேட் நிற்குமா? ஈரத்துணி மாதிரி தொங்கித் தொங்கி விழும். விழுந்தால் முகத்தில்தான். பிளாஸ்டிக் தாளை வைத்து அழுத்தி, கம்பு வெட்டி முட்டுக் கொடுத்து நிறுத்தினார். ரெசின் முடியில் சொட்டும். "மாப்புள்ளைக்கு எண்ண வைக்கிற மாதிரி வைக்குதுடி. கல்யாணம் எனக்கா உன் மகளுக்கா?" என்று உள்ளேயிருந்து சிரித்தார். சிரித்தார், பிறகு இருமினார். இருமிக்கொண்டே இருந்தார்.

பட்டம்மா ஒருநாள் வந்து நின்றாள். "என்ன செம்பகம், புருசன போட்டுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்க?"

"எலி செத்துக் கெடக்கு, தேடிக்கிட்டு இருக்காரு" என்றேன்.

"எலி இப்ப பெயின்ட் நாத்தம் அடிக்குதா?" என்று கேட்டுவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு போனாள். உள்ளேயிருந்து அவர், "ஒரு எலி கெடச்சா காட்டிடுடி அவளுக்கு" என்றார்.

நான்காம் நாள் நான் சுபாவின் ரவிக்கை வாங்கத் தையல்காரரிடம் போய்விட்டேன். இரண்டு மணி நேரம் இருக்கும். திரும்பி வந்தால் வாயில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு, எழுத்து இருக்கிற அந்த ஓரம் முழுக்கத் தனியாகவே ஒட்டி, முட்டுக் கொடுத்து முடித்திருந்தார். "எனக்காக இருந்திருக்கக் கூடாதா?" என்று கோபித்துக்கொண்டேன். "சின்ன எடந்தானே" என்றார். அப்போதுதான் எழுதியிருக்கிறார், பாருங்கள். புதுப் பலகையில் பென்சிலால் எழுதிவிட்டு, அதன் மேல் மேட்டை ஒட்டியிருக்கிறார். ரெசின் காய்ந்ததும் கண்ணாடிக்குள் வைத்த மாதிரி ஆகிவிட்டது. எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். இன்றைக்கு, நீங்கள் கூப்பிட்டபோதுதான்.

நிச்சயத்தன்று போட்டு எப்படி இருந்தது தெரியுமா? வெள்ளையும் நீலமும் அடித்து, ஓரத்தில் சிவப்புக் கோடு இழுத்து. சம்பந்தி தட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "போட்ட நல்லா வச்சிருக்கீங்க" என்றார். எனக்கு வயிறு குளிர்ந்தது. எங்கள் வீட்டுக்காரர் மட்டும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகம் கொடுத்து ஒரு வார்த்தை பேசினால் என்ன என்று அன்றைக்குக்கூட நான் திட்டினேன்.

ஆனியில் கல்யாணம் முடிந்தது. முடிந்த மறுவாரம், "இப்பப் பிரிச்சுடலாமா?" என்று கேட்டார். ஆடிக்கு அழைத்துச் சீர் வைக்க வேண்டும், அவர்கள் வந்து போகட்டும் என்றேன். ஆவணியில் கேட்டார். சுபா முழுகாமல் இருக்கிற சமயம், அவர்கள் வீட்டிலிருந்து அடிக்கடி வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். புரட்டாசியில் கேட்டார். "தலைதீபாவளி முடியட்டுங்க. அப்புறம் என்ன வேணும்னாலும் பிரிச்சுப் போடுங்க, நான் கேக்க மாட்டேன்" என்றேன். அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் செய்தார். நங்கூரக் கயிற்றைச் சுருட்டி எப்போதும் அந்த இடத்தின் மேலேயே வைத்தார். கூட வருகிறவர்கள், "ஏன் மாமா, கயித்த இங்கயே போடுறீங்க, காலத் தடுக்குது" என்று கேட்டிருக்கிறார்கள். "அது அம்மன் உக்காந்த எடம்டா. யாரும் மிதிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். பந்தல் நின்ற இடம்தானே, எல்லாரும் நம்பினார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டு சுற்றிப் போனார்களாம். பலகை ஊறுகிறது என்று ஒருத்தரிடமும் சொல்லவில்லை. நான் சொல்ல வேண்டாம் என்றிருந்தேன், சொல்லவில்லை. அவ்வளவுதான் அவர்.

தலைதீபாவளிக்கு மாப்பிள்ளையும் சுபாவும் வந்தார்கள். எங்கள் மாப்பிள்ளை செழியன் தங்கமான பிள்ளை, நீங்களே பழகியிருக்கிறீர்கள். நான் எடுத்துக் கொடுத்த பட்டுக்கரை வேட்டியைக் கட்டிக்கொண்டு மறுநாள் காலையில் வந்து நின்றார். "மாமா, நானும் இன்னைக்கு ஒங்களோட வர்றேன்."

"வேட்டி அழுக்காகும் மாப்புள்ள, இன்னொரு நாள் போவோம்" என்றார் இவர்.

நான்தான், "ஆசையா கேக்குறாரு, கூட்டிட்டுப் போங்களேன். மாமனும் மருமகனும் ஒண்ணாப் போறத ஊரு பாக்கட்டும்" என்றேன். சொன்னது தப்பா? எந்த வீட்டில் மாமியார் அப்படிச் சொல்ல மாட்டாள்?

கடலில் நங்கூரம் போடுகிற நேரம். இவர் பின்னால் இன்ஜினில் இருந்திருக்கிறார். மாப்பிள்ளைக்கு இந்தப் போட்டைப் பற்றி என்ன தெரியும்? உதவி செய்யலாம் என்று முன்னால் போய்க் கயிற்றுச் சுருளைத் தூக்கி, அது இருந்த இடத்தில் ஏறி நின்றுவிட்டார். இவர், "செழியா!" என்று கத்திக்கொண்டு ஓடியிருக்கிறார். அதற்கு முன்னால் ஒரு நாளும் மாப்பிள்ளையை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கையைப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்து எறிந்துவிட்டு, அந்த வேகத்தில் இவர் கால் உள்ளே போய்விட்டது. தொடை வரைக்கும் போய்விட்டது. உடைந்த ஃபைபர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம்.

அந்தப் பட்டுக்கரை வேட்டியைக் கிழித்துத்தான் கட்டியிருக்கிறார்கள். ரத்தம் நிற்கவில்லை. கரைக்கு வர ஒன்றரை மணி நேரம். நான் இதே இடத்தில்தான் நின்றேன். போட்டு சீக்கிரம் திரும்புகிறதே, நல்ல மீன் போலிருக்கிறது என்று பட்டம்மாவிடம் சொல்லிக்கொண்டு நின்றேன்.

இறக்கும்போதே உயிர் இல்லை.

டீயைக் குடியுங்கள் தம்பி. என்னைப் பார்க்க வேண்டாம், டீயைக் குடியுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார் தெரியுமா? அன்றைக்குக் கூட வந்த ஒருவன் வாய் சும்மா இல்லாமல், "அது அம்மன் உக்காந்த எடமாச்சே, மிதிச்சுட்டீங்களே" என்று சொல்லிவிட்டான். அதைப் பிடித்துக்கொண்டுவிட்டார். தான் மிதித்ததால் அம்மன் மாமாவை எடுத்துக்கொண்டாள் என்று நம்புகிறார். பதினாறாம் நாள் காரியத்தன்று என் காலில் விழுந்து, "நான்தான் அத்தை கொன்னுட்டேன்" என்று அழுதார். அன்றிலிருந்து காலில் செருப்புப் போடுவதில்லை. மீன்காரப் பிள்ளை, மீனைத் தொடுவதில்லை. சுபாவுக்கு ஏழாம் மாதம். பிள்ளைக்கும் ஏதாவது ஆகிவிடும் என்று வெள்ளிக்கிழமை தோறும் கோயிலில் உருள்கிறார். முதுகெல்லாம் புண் என்று சுபா போனில் அழுகிறாள். இந்த மாசிமகத்துக்கு இதே போட்டில் அம்மனை ஏற்றி மன்னிப்புக் கேட்கப் போகிறாராம். அதற்குத்தான் உங்களைக் கூட்டிவந்திருக்கிறார். பந்தலுக்குப் போல்ட் போடச் சொன்னால் போடாதீர்கள். கயிறு போதும்.

நான் அவரைக் குற்றம் சொன்னேனா? ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் காலில் விழுந்தபோதுகூட, "எழுந்திரிங்க மாப்புள்ள, நடந்தது நடந்துபோச்சு" என்றுதான் சொன்னேன். அவராக நினைத்துக்கொண்டது அது. இல்லை, அப்படி இல்லை என்று நான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும் என்கிறீர்களா? சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும்? பலகை ஊறியிருந்தது தெரியுமா என்று வரும். தெரிந்தும் ஏன் பிரிக்கவில்லை என்று வரும். யார் வேண்டாம் என்றது என்று வரும். என் மகள் அந்த வீட்டில் வாழ வேண்டும் தம்பி. பொய் சொல்லிப் பெண் கொடுத்தார்கள் என்று சம்பந்தி அம்மா பேசினால் சுபா எங்கே போவாள்? நான் எனக்காகவா கேட்கிறேன்?

இப்போது அந்த எழுத்தை மாப்பிள்ளை படித்தால் என்ன ஆகும்? "மகள் கல்யாணம் முடிந்ததும் மேலே பிரித்துப் போட வேண்டும். பலகை நிற்காது. அதுவரை இங்கே யாரையும் மிதிக்க விடக் கூடாது. அஞ்சப்பன்." தேதியும் போட்டிருக்கிறார். எனக்கு எழுதவில்லை பாருங்கள். எனக்குச் சொல்லி என்ன பயன் என்று நினைத்திருப்பார். அடுத்து வேலை பார்க்க வருகிறவருக்கு எழுதியிருக்கிறார். உங்களுக்குத்தான் எழுதியிருக்கிறார்.

அந்த நீலப் பெயின்ட் மிச்சம் இருக்கிறது, நீங்கள் உள்ளே இருக்கும்போதே ஓடிப்போய் வீட்டிலிருந்து எடுத்துவந்துவிட்டேன். இதோ. டப்பா மூடியைத் திறந்தும் வைத்துவிட்டேன். ஒரு கோட், அவ்வளவுதான். இரண்டு நிமிஷ வேலை. விளக்கு நான் பிடிக்கிறேன், எனக்குப் பழக்கம்தான்.

என்ன?

பெருவிரல் தடமா? எங்கே?

காய்ந்துவிட்டதா என்று அழுத்திப் பார்த்திருப்பார். ஆமாம், அப்படித்தான் பார்ப்பார். "இன்னும் ஒட்டுதுடி" என்று விரலை என் முகத்துக்கு நேரே நீட்டுவார். சரி, அந்தத் தடத்தை மட்டும் விட்டுவிடுங்கள். எழுத்தை மட்டும் மறைத்துவிடுங்கள். சின்னப் பிரஷாக எடுத்து, சுற்றி அடித்தால் போகிறது.

சேர்ந்தா இருக்கிறது? எழுத்தின் மேலேயேவா?

தள்ளுங்கள், நானே உள்ளே வந்து பார்க்கிறேன். புடவை அழுக்கானால் ஆகட்டும். விளக்கை இந்தப் பக்கம் காட்டுங்கள். இன்னும் கொஞ்சம் மேலே.

ஆமாம். பெயருக்கு மேலேயே இருக்கிறது. கோடு கோடாகத் தெரிகிறது. நடுவில் அந்த வெட்டுத் தழும்புகூட இருக்கிறது, தூண்டில் கிழித்தது. குழியாக இருக்கிறது தம்பி. என் விரல் உள்ளே போகிறது. என் விரலைவிடப் பெரிது.

வீட்டில் அவர் சட்டையெல்லாம் துவைத்துவிட்டார்கள். பாயைக் கடலில் விட்டுவிட்டார்கள். செருப்பு அன்றைக்குக் கடலிலேயே போய்விட்டது. எதுவும் இல்லை.

வண்டிச் சத்தம் கேட்கிறதா? மாப்பிள்ளை வண்டிதான். சைலன்சர் அப்படித்தான் அடிக்கும்.

பெயின்ட் டப்பாவை மூடுங்கள். மூடுங்கள் தம்பி, காய்ந்துவிடும். விளக்கை என்னிடம் கொடுங்கள். நீங்கள் கொஞ்சம் அந்தப் பக்கம் போய் நில்லுங்கள்.

மாப்புள்ள! இங்க, இங்க உள்ள இருக்கேன். வெறுங்காலோட மணல்ல நிக்காதீங்க, சுடும். மேட்ட அங்கயே போட்டுட்டு இப்படி வாங்க. பயப்படாதீங்க, வாங்க. குனிஞ்சு வாங்க, தலை இடிக்கும். என் பக்கத்துல இப்படி மல்லாந்து படுங்க. உங்க மாமா ஒண்ணு எழுதி வச்சிருக்காரு. நான் விளக்கு புடிக்கிறேன், படிங்க. வாய்விட்டுப் படிங்க.